நகராத சைக்கிளில் முதல் நாள்



ஒரகடத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு மடல் வரைந்திருக்கிறார். மின்னணு உதிரிகள் தயாராகும் தொழிற்சாலையொன்றில் அவருக்குப் பணி. வயது 26. ஷிஃப்ட் முழுவதும் நின்றபடியே செய்யும் வேலை. தங்கியிருக்கும் இடத்திற்கு அருகே புதிதாகத் திறந்துள்ள உடற்பயிற்சிக் கூடத்தில், மகளிருக்கெனத் தனி நேரம் ஒதுக்கி, 'ஸ்பின்னிங்' எனப்படும் சைக்கிள் வகுப்பு நடத்துகிறார்களாம். முதல் வகுப்புக்குக் கட்டணம் இல்லையாம். உடன் பணிபுரியும் தோழியர் நால்வர் பெயர் கொடுத்துவிட்டனர். "பள்ளியில் படிக்கும்போது அரசு தந்த சைக்கிளில் நாள்தோறும் போய் வந்தவள்தான் நான். ஆயினும் அந்தக் கண்ணாடி அறையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. எப்படி ஆயத்தமாவது என்று எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

தயக்கம் நல்லதே. நால்வர் யோசியாமல் பெயர் கொடுத்திருக்க, ஒருவர் மட்டும் நின்று வினவுகிறார். அந்த நால்வருக்கும் சேர்த்தே அவர் வினவுவதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். இம்மாதப் பக்கம் முழுவதும் இவ்வொரு வினாவுக்கே.

சைக்கிள் நம் பெண்களுக்குப் புதியதன்று. 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் சைக்கிள்களை உருவாக்கத் தொடங்கிய காலத்தில் அவற்றின் மீது ஏறியவர்கள் பெரும்பாலும் ஆடவரே. பெண் ஏறினால் ஊரே வேடிக்கை பார்த்தது. அந்த நிலையைப் பெரிதும் மாற்றியது புதுக்கோட்டை மாவட்டம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்பதையும் அவ்வியக்கத்தின் ஓர் அங்கமாக்கினார். கல்லுடைக்கும் பெண்களும், வயலில் உழைப்போரும், கிராமச் செவிலியரும், முஸ்லிம் இல்லங்களிலிருந்து வந்த இளம்பெண்களும் ஆயிரமாயிரமாய்க் கற்றனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் தமது நூலில் அந்த எழுச்சியைப் பதிவு செய்து, நாடறியச் செய்தார். பின்னர் 2001-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கி, படிப்படியாக அத்திட்டத்தை விரிவாக்கியது. மடல் எழுதிய சகோதரி ஏறிச் சென்றதும் அத்தகையதொரு சைக்கிளே.

பிறகு எதற்காக அறைக்குள் சைக்கிள் என்று மூத்தோர் வினவுவர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒருமுறை சென்று பார்த்தவர் வினவமாட்டார். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006-இல் நோக்கியா வந்தது, 2014-இல் மூடப்பட்டது. ஆயினும் மின்னணுத் தொழில் அங்கிருந்து போய்விடவில்லை. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்க்கென்றே 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரத்துக்கு ஒப்பான எண்ணிக்கை! இத்தனை பேரும் நிறுவனப் பேருந்தில் ஏறி, நிறுவனப் பேருந்தில் இறங்குகின்றனர். சாலையிலோ கன்டெய்னர் லாரிகளும், கார்களை அடுக்கிச் செல்லும் நெடும் வாகனங்களும். ஷிஃப்ட் முடிந்து இருட்டிய பின் அச்சாலையில் ஒரு பெண் உடற்பயிற்சிக்காகச் சைக்கிள் மிதிப்பதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். ஆகவே நான்கு சுவர்களுக்குள் நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் அங்கே பொருத்தமானதே.

அந்த யந்திரத்தின் வமிசாவளியும் சுவையானது. 1796-ஆம் ஆண்டிலேயே லண்டனில் பிரான்சிஸ் லவுண்டஸ் என்பவர், கையாலும் காலாலும் இயக்கும் உடற்பயிற்சி யந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1912-இல் மூழ்கிப்போன டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சி அறையில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள்கள் இருந்தன. இன்று நாம் காணும் வகுப்பு முறைக்கு வித்திட்டவர், தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறிய ஜானி கோல்ட்பெர்க் என்னும் சைக்கிள் பந்தய வீரர். பந்தயப் பயிற்சியை வீட்டுக்குள் செய்வதற்காக 1980-களில் அவர் தமக்கென ஒரு வண்டியை அமைத்துக்கொண்டார். 1990-களின் நடுவில் ஷ்வின் நிறுவனம் அதனை வணிகப்பொருளாக்கியது. இதில் ஒன்றை மனத்தில் இருத்துங்கள். இந்த வண்டி பந்தய வீரரின் தேவைக்காகப் பிறந்தது. நடைப்பயிற்சிக்கு மாற்றாகப் பிறந்ததன்று.

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். "எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும்" என்பதுதான் முதல் நாளில் நம் சகோதரிகளைத் தவறான துணிச்சலுக்கு ஆளாக்குவது. சாலைச் சைக்கிளின் பின்சக்கரத்தில் பிரீவீல் இருக்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் பெடல் நின்றுவிடும். சக்கரம் மட்டும் உருளும். களைத்தபோதெல்லாம் கால் இளைப்பாறுகிறது. இறக்கத்தில் முழு ஓய்வு. எதிரே காற்று வேறு வீசுகிறது. ஸ்பின்னிங் வண்டிகள் பெரும்பாலானவற்றில் பிரீவீல் கிடையாது. முன்னாலுள்ள கனத்த சக்கரம், பல வண்டிகளில் 15 கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள ஃப்ளைவீல், பெடலோடு நேராகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. அது சுழலும்வரை பெடலும் சுழலும்; பெடல் சுழலும்வரை உங்கள் காலும் சுழன்றே ஆக வேண்டும்.

காலால் மிதிக்கும் தையல் மிஷினை அறிந்த சகோதரிகளுக்கு இது எளிதில் விளங்கும். வேகமாக மிதித்துக்கொண்டிருக்கையில் திடீரென்று பாதத்தை நிறுத்திப் பாருங்கள். சக்கரம் நிற்காது, மிதிபலகையே உங்கள் பாதத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். அதே கதைதான் இங்கும், பலமடங்கு விசையோடு. ஆகவே வண்டியில் அமர்ந்தவுடன் முதலில் கற்க வேண்டியது நிறுத்துவதை. இருக்கைக்கு முன்னால், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு திருகு இருக்கும். வலப்புறம் திருகினால் கனம் கூடும். இடப்புறம் திருகினால் குறையும். பெரும்பாலான வண்டிகளில் அதனைக் கீழ்நோக்கி அழுத்தினால் பிரேக். மெதுவாகச் சுற்றி, அழுத்தி, நிறுத்தி, இவ்வாறு மூன்று நான்கு முறை செய்து பழகிய பிறகே மற்றவை.

இப்பொழுது, இப்பக்கத்தை எழுதத் தூண்டிய காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். 2017-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலச் சிறுநீரக மருத்துவர்கள், அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஸ்பின்னிங் வகுப்புக்குச் சென்று வந்த ஓரிரு நாள்களில் தொடைத் தசை சிதைந்து மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றியது அது. அதற்கு முன் மருத்துவ ஏடுகளில் பதிவான அத்தகைய நிகழ்வுகளையும் அவர்கள் திரட்டினர். கிடைத்தவை 46. அவற்றுள் 42 பேருக்கு அது முதல் வகுப்பு! பத்தாவது வகுப்பன்று, ஐம்பதாவதுமன்று. கட்டணமின்றி அழைக்கப்படும் அந்த முதல் வகுப்பு.

இந்நோய்க்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் செய்தி எளிதே. அளவுக்கு மீறி உழைக்க வைக்கப்பட்ட தசையின் இழைகள் உடைகின்றன. உடைந்த இழைகளிலிருந்து மயோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கசிகிறது. இரத்தத்தை வடிகட்டும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் அது போய் அடைத்துக்கொள்கிறது. கூடவே பொட்டாசியமும் மிகுதியாக வெளிப்பட்டு இதயத்தின் துடிப்பைக் குலைக்கக்கூடும். இதனை மருத்துவ உலகம் தெளிவாக அறிந்தது ஒரு துயரமான காலத்தில். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டுகள் விழுந்தபோது, இடிந்த வீடுகளின் அடியில் கால்கள் நசுங்கிக் கிடந்தவர்களை உயிரோடு மீட்டனர். மீட்கப்பட்டவர்கள் பேசினர், நலமாகவே காணப்பட்டனர். சில நாள்களில் சிறுநீர் நின்று மாண்டனர். எரிக் பைவாட்டர்ஸ் என்னும் மருத்துவர் 1941-இல் இதனை ஆராய்ந்து, கேடு நசுங்கிய தசையிலிருந்து புறப்பட்டுச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்பதை எழுதினார். இடிபாட்டில் கிடந்தவர்க்கு நேர்ந்தது, கட்டணம் செலுத்தி இசை கேட்டு மிதிப்பவர்க்கும் நேரலாம் என்பது எவ்வளவு விந்தை!

அஞ்சி ஒதுங்கிவிடுங்கள் என்பதற்காக இதனைச் சொல்லவில்லை. இவ்வகுப்புகளுக்குச் செல்லும் பெருந்திரளானோரில் இது நேர்வது மிகச் சிலருக்கே. ஆனால் நேர்ந்த சிலரும் ஏன் முதல் நாளிலேயே வீழ்ந்தனர் என்பதைச் சிந்தித்தால், ஆயத்தம் என்றால் என்னவென்பது தானே விளங்கும். உடம்பிலேயே பெரிய தசைகளுள் ஒன்று தொடையின் முன்புறத் தசை. நாள் முழுவதும் நின்று வேலை செய்வதால் கால் உறுதிப்பட்டிருக்கும் என்று எண்ணவேண்டா. நிற்பது வேறு, கனத்துக்கு எதிராக நிமிடத்திற்கு 80 முறை மடக்கி நீட்டுவது வேறு. பழகாத அத்தசையை முக்கால் மணி நேரம் ஓயாமல் உழைக்கச் செய்கிறது வகுப்பு. இளைப்பாற பிரீவீல் இல்லை. அறையில் எதிர்காற்று இல்லாததால் வியர்வை உலராமல் உடல் சூடேறுகிறது; நீர்ச்சத்து வற்றுகிறது. இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, மறுபுறம் அருகில் மிதிக்கும் தோழியர். உரத்த இசை. "இன்னும் ஒரு சுற்று! இன்னும் ஒரு சுற்று!" என்று முழங்கும் பயிற்சியாளர். தனியே இருந்தால் பதினைந்தாவது நிமிடத்தில் இறங்கியிருப்பவர், நாலு பேர் பார்க்கிறார்களே என்ற நாணத்தால் இறங்காதிருக்கிறார். நம் கணிப்பில், கனத்த சக்கரத்தைவிடப் பொல்லாதது இந்த நாணமே.

ஆகையால் முதல் ஆயத்தம் சைக்கிளின் மேல் அன்று, வாயில்தான். வகுப்பு தொடங்குமுன் பயிற்சியாளரிடம் சென்று, "இன்று எனக்கு முதல் நாள். இருபது நிமிடம் மட்டும் மிதிப்பேன். எழுந்து நின்று மிதிக்க மாட்டேன். பிறகு இறங்கிவிடுவேன்" என்று சொல்லிவிடுங்கள். நல்ல பயிற்சியாளர் மகிழ்ந்து ஒப்புக்கொள்வார். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, வாருங்கள்" என்று தட்டிக்கழிப்பாராயின், காலணியை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுவதே உத்தமம். முதல் வரிசையில் அமராதீர்கள். கதவுக்கும் மின்விசிறிக்கும் அருகே ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டால், நடுவில் இறங்குவதும் எளிது, காற்றும் கிடைக்கும்.

வகுப்புக்குப் பெயர் கொடுத்த நாளுக்கும் முதல் வகுப்புக்கும் இடையே இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் விடுதியின் மாடிப்படிகளை நாளும் ஏறி இறங்குங்கள். மூச்சு சற்றே வாங்கும் அளவுக்கு வேகமாக நடங்கள். அதே கூடத்தில் சாதாரண உடற்பயிற்சிச் சைக்கிள் இருக்குமானால் ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து நிமிடம் இலேசாக மிதிப்பது இன்னும் நன்று. தொடைக்கு முன்னறிவிப்புக் கிடைத்துவிடும். இரவு ஷிஃப்ட் முடித்து வந்த காலையில், தூங்காத உடலோடு முதல் வகுப்புக்குப் போவது வேண்டவே வேண்டா. காய்ச்சல், வயிற்றுப்போக்கு கண்டு தேறிய வாரத்திலும் அப்படியே.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ போதும். பிரியாணி உண்ட வயிற்றோடு குனிந்து மிதித்தால் என்னாகும் என்பதை நாம் எழுதவேண்டியதில்லை. பகல் முழுவதும் அவ்வப்போது தண்ணீர் பருகி வாருங்கள். தொழிற்சாலையில் கழிவறைக்கு அடிக்கடி செல்ல வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் நம் பெண்களிடம் உண்டு. அந்த வழக்கத்தோடு இந்த வகுப்பு ஒத்துப்போகாது. ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு துண்டும் கையோடு இருக்கட்டும்.

நோன்பு மாதத்தில் முதல் வகுப்பைத் தொடங்குவது கூடாது. பகலில் தண்ணீர் பருகாத உடலில், பழகாத தசையை அளவுகடந்து உழைக்க வைத்தால் சிறுநீரகத்தின் மேல் இருமடங்கு சுமையை ஏற்றியவர்களாவோம். 'நோன்பு திறந்து கஞ்சி குடித்துவிட்டுப் போனால் என்ன?' என்று தோன்றலாம். பகல் முழுதும் இழந்த நீரை ஒரு கோப்பைக் கஞ்சி ஈடு செய்துவிடாது. பெருநாள் கழியட்டும், சில நாள் வழக்கம்போல் உண்டு பருகிய பின் தொடங்கலாம். முன்பே பல மாதம் பழகியவர்கள், இரவில் நன்கு நீர் பருகிய பின் இலேசான பயிற்சியோடு நிறுத்திக்கொள்வது வேறு கதை.

உடையில் கவனம் தேவை. சுழலும் பாகங்களில் துணி சிக்குவது எத்தகைய ஆபத்து என்பதை இருசக்கர வாகனத்தில் துப்பட்டா சிக்கிய விபத்துகளைப் படிக்கும் நாம் அறிவோம். புகழ்பெற்ற நடனமணி இசடோரா டங்கன் 1927-இல் பிரான்சின் நீஸ் நகரில் மாண்டது, கழுத்தில் சுற்றியிருந்த நீண்ட துணி காரின் சக்கரத்தில் சிக்கியதால்தான். நிலைச் சைக்கிளிலும் ஃப்ளைவீல் முன்னால் திறந்தே இருக்கும் வண்டிகள் உண்டு. எனவே புர்காவைக் களைந்துவைக்க மகளிர் நேரத்தில் தனியறை இருக்கிறதா, அந்நேரத்தில் பயிற்சியாளரும் பெண்தானா, கண்ணாடிச் சுவருக்குத் திரை இருக்கிறதா என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே கேட்டறியுங்கள். உள்ளே, முழங்காலுக்கு மேலே முடியும் பருத்திச் சட்டையும், கணுக்காலை ஒட்டிய காற்சட்டையும் ஏற்றவை. அகன்ற பைஜாமாவின் ஓரம் பெடலின் தண்டில் சுற்றிக்கொள்ளும். தலையை மறைத்துக்கொள்ள விரும்புவோர் ஊசி குத்தாத, முனை தொங்காத, தலையோடு ஒட்டிய துணித்தொப்பி வகையை அணியலாம். பாட்டிமாரின் வெள்ளைத் துப்பட்டியின் கண்ணியத்தை இதுவும் காக்கும். சக்கரத்துக்கும் இடம் தராது. காலில் அடிப்பாகம் விறைப்பான காலணி வேண்டும். ரப்பர்ச் செருப்பு ஆகாது. கயிறு முடிச்சின் நுனியை உள்ளே செருகிக்கொள்ளுங்கள்.

வகுப்புக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே செல்லச் சொல்வது வண்டியைப் பொருத்திக்கொள்வதற்காக. உங்களுக்கு முன் அமர்ந்தவர் ஆறடி உயரமாக இருந்திருக்கலாம். வண்டியருகே நின்றால் இருக்கை உங்கள் இடுப்பெலும்பின் உயரத்தில் இருக்கட்டும். பிறகு ஏறி அமர்ந்து, குதிகாலைப் பெடலின் மேல் வைத்து அதனைக் கீழே கொண்டுபோங்கள். கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்கால் இலேசாக மடங்கி நிற்கும். அதுவே சரியான உயரம். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும். அடுத்து, இரு பெடலையும் ஒரே மட்டத்தில் நிறுத்துங்கள்; முன்னிருக்கும் முழங்கால், பெடலின் அச்சுக்கு நேர்மேலே வருமாறு இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கைப்பிடி, புதியவர்க்கு இருக்கையின் மட்டத்திலோ சற்று மேலேயோ இருப்பது முதுகுக்கு நலம். ஒவ்வொரு திருகையும் இறுக்கியாகிவிட்டதா என்று ஆட்டிப் பாருங்கள். லைனில் போல்ட்டின் இறுக்கம் பார்க்கும் சகோதரிகளுக்கு நாம் இதனைக் கற்பிக்க வேண்டுமோ! பாதத்தைப் பெடலின் கூண்டில் செலுத்தி வாரை இறுக்குவதும், அவிழ்ப்பதும் நிற்கும் வண்டியிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

மிதிக்கத் தொடங்கியபின், கனமே வைக்காமல் காலைப் பறக்கவிடுவதும் தவறு. கனத்தை ஏற்றிக்கொண்டு முக்குவதும் தவறு. இருக்கையில் உடம்பு குதிக்காதபடி, காலுக்கடியில் ஏதோ தரை இருக்கிறது என்று உணரும் அளவுக்குக் கனம் போதும். நிமிடத்துக்கு 70 அல்லது 80 சுற்று. அருகிலுள்ளவரோடு ஒரு முழு வாக்கியத்தை மூச்சுத் திணறாமல் பேச முடிகிறதா? அதுதான் உங்கள் எல்லைக்கோடு. இரண்டு சொற்களுக்கே மூச்சு வாங்கினால், பயிற்சியாளர் எதைச் சொன்னாலும் திருகை இடப்புறம் திருப்புங்கள். தலைசுற்றல், நெஞ்சில் இறுக்கம், குமட்டல் எது தோன்றினாலும் பிரேக்கை அழுத்தி, சக்கரம் முழுவதும் நின்றபிறகே பாதத்தை எடுங்கள். இறுதி ஐந்து நிமிடம் இலேசாகச் சுற்றி ஓய்வதற்கு ஒதுக்குங்கள். இருக்கை கடினமாயிருக்கிறதே, அமரும் இடம் வலிக்கிறதே என்று முதல் நாளில் குறைகூறாதவர் இல்லை. மூன்று நான்கு வகுப்புகளில் அது பழகிப்போகும்.

வீடு திரும்பிய பிறகும் மூன்று நாள் உங்களை நீங்களே கண்காணிக்க வேண்டும். தொடை வலிப்பது இயல்பு. படி இறங்கும்போது 'அம்மாடி' என்று சொல்வதும் இயல்பு. நாளுக்கு நாள் அவ்வலி தணிந்துவர வேண்டும். மாறாக, தொடை வீங்கி இறுகி, முழங்காலை மடக்கவே இயலாமற்போனால், அல்லது சிறுநீர் சுலைமானித் தேநீரின் நிறத்தில் கருஞ்சிவப்பாகப் பிரிந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். இதனை மாதவிலக்கு என்று எண்ணி விட்டுவிடுவதும், சூடு பிடித்துக்கொண்டது என்று இளநீரோடு நிறுத்திக்கொள்வதும் பெண்கள் செய்யக்கூடியவை. மருந்துக்கடையில் வலிமாத்திரை வாங்கி விழுங்குவது அதனினும் கேடு. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள், ஏற்கெனவே தவிக்கும் சிறுநீரகத்தை மேலும் வருத்தக்கூடியவை. மருத்துவமனைக்குச் சென்று, "இன்ன நாளில் முதன்முறையாகச் சைக்கிள் வகுப்புக்குப் போனேன்" என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சிறுநீர்த்தொற்று என்று கருதிவிட இடமுண்டு. சி.பி.கே. என்னும் இரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டிவிடும். காலத்தில் சென்றவர்க்கு நரம்பின் வழியே திரவம் ஏற்றுவதே முதன்மையான சிகிச்சை. பெரும்பாலோர் முழுநலம் பெறுகின்றனர். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் உடையோரும், கருவுற்றிருப்போரும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை உண்போரும் மருத்துவரின் ஒப்புதலின்றி இவ்வகுப்பில் சேரலாகாது. இம்மாத்திரைகள் தாமே சிலருக்குத் தசையை நலிவுறச் செய்யக்கூடியவை.

இரண்டாம் வகுப்பை மூன்று நாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள், தொடைவலி முற்றும் நீங்கிய பின். அன்று 25 நிமிடம். அடுத்த வாரம் அரை மணி. எழுந்து நின்று மிதிப்பதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். முழு வகுப்பையும் இருந்து முடிப்பது ஆறாவது வாரத்தில் என்றால் அது சரியான வேகமே. ஓராண்டுக் கட்டணம் செலுத்தினால் தள்ளுபடி என்பார்கள். ஷிஃப்ட் வாரந்தோறும் மாறும் சகோதரிகள் அதற்கு உடன்படாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். மகளிர் நேரம் உங்கள் மூன்று ஷிஃப்டுகளில் எத்தனைக்கு ஒத்துவருகிறது என்பது அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.